ரியார்டனின் பித்தப்பை

பசியோடு வரிசையில் நிற்கும்போது யாருக்கும் எதற்கும் தலையாட்டக் கூடாது. வாஷிங்டனில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய லோரீன் கோவாச்சுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் செனட் கட்டடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டும் கையுமாக நின்றபோது அவள் கண் முழுக்க வெள்ளை பீன்ஸ் சூப்பின் மேல்தான் இருந்தது. அங்கே தினமும் அதே சூப்தான். அவள் பாட்டனார் காலத்திலிருந்து அதே சூப்தான். நன்றாகவும் இருக்காது, நிறுத்தவும் மாட்டார்கள். செனட் நடக்கிற லட்சணமும் ஏறக்குறைய அதுதான்.

பின்னாலிருந்து ஆஷர் ஃபைன் அவள் தோளைத் தொட்டான். எதிர்க்கட்சி செனட்டர் டெஸ்மண்ட் ரியார்டனின் முதன்மை உதவியாளன் அவன். சூப் பட்டுவிடக் கூடாதென்று கழுத்து டையைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டிருந்தான். லோரீன் ஆளுங்கட்சி செனட்டர் ஹார்லன் ஓஸ்ட்பியிடம் அதே வேலை பார்த்தாள். கட்சி வேறு என்றாலும் இருவருக்கும் நல்ல பழக்கம்.

"லோரீன், வியாழக்கிழமை எங்க ஆளுக்குப் பித்தப்பைய எடுக்கறாங்க."

"எடுத்துட்டு? காலியான எடத்துல முதுகெலும்பு ஏதாவது வைக்கறாங்களா?"

வேறு நாளாக இருந்தால் ஆஷர் சிரித்திருப்பான். அன்று சிரிக்கவில்லை. அதையாவது அவள் கவனித்திருக்கலாம்.

"அன்னிக்கு ஓட்டெல்லாம் தவறிடும். உங்க பெரியவர் அவரோட ஜோடி போட்டுக்குவாரா?"

ஜோடி என்பது அந்த அவையின் பழைய மரியாதை. ஓர் உறுப்பினர் படுத்துவிட்டால், எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடக்கூடிய இன்னொருவர் 'சரி, நானும் போடாமல் இருந்துவிடுகிறேன்' என்று ஒதுங்கிக்கொள்வார். கணக்கு நேராகிவிடும். விதிப் புத்தகம் யாரையும் இதற்குக் கட்டாயப்படுத்தாது. கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அதனாலேயே கொடுத்த வாக்கை மீறியவனை அங்கே ஒரு பயலும் மதிக்க மாட்டான். ஊரை ஏமாற்றலாம், வரி கட்டாமல் இருக்கலாம், மூன்றாவது பெண்டாட்டியை விட்டு ஓடலாம். ஜோடியை மட்டும் மீறக் கூடாது.

வியாழக்கிழமை அட்டவணையில் இருந்ததோ மூன்று தபால் நிலையங்களுக்குப் பெயர் சூட்டுவதும் கெளுத்தி மீன் இறக்குமதி பற்றிய ஒரு சில்லறைத் தீர்மானமும்தான். இதற்காக எழுபத்தெட்டு வயது மனிதரைக் கேட்டுவிட்டு வருவானேன் என்று லோரீன் நினைத்தாள்.

"ஒரு ஓட்டுக்கா, நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க."

"சரி, போட்டுக்குவார். நான் சொல்றேன்ல. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு."

கரண்டி பிடித்த கையாலேயே ஆஷரின் கையைக் குலுக்கிவிட்டு சூப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவளுக்கே அப்போது தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் ஆளுங்கட்சித் தலைவர் அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். தேர்தலுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. எல்லோருக்கும் ஊருக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். ஆகவே தபால் நிலையங்களும் கெளுத்தியும் பின்னால் போயின. ராணுவ விசாரணை மசோதா வியாழக்கிழமைக்கு வந்து குந்திக்கொண்டது.

அந்த மசோதா என்னவென்றால், பயங்கரவாதிகள் என்ற சந்தேகத்தில் பிடித்துத் தீவுத் தளத்தில் அடைத்துவைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்காது, சீருடை போட்ட அதிகாரிகளே விசாரிப்பார்கள் என்பது. அதில் ஒரு பிரிவு: 'என்னை எதற்காக அடைத்துவைத்திருக்கிறீர்கள்?' என்று எந்த நீதிமன்றத்திலும் அவர்கள் ஆட்கொணர்வு மனு போடக் கூடாது. அந்தப் பிரிவை மட்டும் வெட்டியெடுக்க ஒரு திருத்தம் வந்திருந்தது. ஆளுங்கட்சியிலேயே சிலர் அதற்குச் சாய்ந்தார்கள். மற்றவர்கள் 'பயங்கரவாதிக்குப் பரிந்து பேசினார்' என்று டிவியில் தங்கள் மூஞ்சியைப் போட்டுக் காட்டிவிடுவார்களோ என்று பயந்து கிடந்தார்கள். ஆளுங்கட்சிக் கொறடா வேட் மக்கார்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ரியார்டன் ஆஸ்பத்திரியில். இன்னொருவர் மூடுபனியில் விமானம் கிளம்பாமல் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார். நூறு பேரில் மீதிப் பேர் ஆளுக்குப் பாதி, நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. சமமானால் திருத்தம் தோற்றது என்றுதான் அர்த்தம். கொறடா நிம்மதியாகத் தூங்கப் போனார்.

லோரீனுக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்த நாற்பத்தொன்பதில் ஒரு 'இல்லை' அவளுடைய செனட்டர் ஹார்லன் ஓஸ்ட்பியுடையது. சோளம் விளையும் மாநிலத்துக்காரர். எந்த மாநிலம் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விடுங்கள். அந்த ஓட்டைத்தான் இவள் ஒரு கிண்ணம் சூப்புக்காக நின்றபோது தூக்கிக் கொடுத்திருந்தாள்.

ஆஷரின் அறைக்கு ஓடினாள்.

"ஆஷர், இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அட்டவணை மாறும்னு எல்லாரும் பேசிட்டுதானே இருந்தாங்க."

"என்கிட்ட யாரும் பேசலை. என்னை விட்டுடு. இந்த ஒரு ஓட்டுக்கு மட்டும்."

"நான் விட முடியாது லோரீன். ஜோடி போட்டவர்தான் அவிழ்க்கணும். அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு."

"அவருதானே உன்னைக் கேக்கச் சொன்னாரு?"

ஆஷர் மேசை மேல் இருந்த பேனாக்களை நேராக அடுக்க ஆரம்பித்தான். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஓஸ்ட்பி தன் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு கறுப்புக் காப்பியை உறிஞ்சுவார். அவர்கள் ஊரில் நார்வேக்கார வீடுகளில் எல்லாம் அப்படித்தான். காது இரண்டும் பெரியது, கேட்பது மட்டும் குறைவு. வாழ்நாளில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று: விவசாயக் கமிட்டித் தலைவர் நாற்காலி. ஜனவரியில் அது அவருக்குத்தான் என்று கட்சி சொல்லியிருந்தது. வெறுப்பும் ஒன்றே ஒன்று: ரியார்டன். சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருளை அந்த மனிதர் ஒருமுறை அவையிலேயே 'மானியத்தில் ஓடும் சாராயம்' என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஓஸ்ட்பி அவரோடு ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை.

லோரீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"யாரோட ஜோடி?" என்றார் கிழவர்.

"ரியார்டனோட சார்."

"எந்த ஓட்டுக்கு?"

"நாள் முழுக்கன்னு சொல்லிட்டேன் சார். அப்படின்னா இந்தத் திருத்தத்துக்கும்தான்."

சர்க்கரைக் கட்டி தரையில் விழுந்து உருண்டது.

"அந்தத் தீவுல கெடக்கறவனுங்களப் பத்தி நான் என்ன நெனைக்கறேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார். அதப் பத்தி நீங்க பேசின பேச்ச எழுதிக் கொடுத்ததே நான்தான்."

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் கொறடா மக்கார்டி. ஜோடி போட்டால் கொறடாவிடமும் சொல்லியாக வேண்டும், அன்று காலைதான் லோரீன் சொல்லியிருந்தாள். ஆள் எப்போதும் சிரித்த முகம். சிரித்துக்கொண்டேதான் கழுத்தைத் திருகுவார்.

"ஹார்லண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு? வாக்குக் கொடுத்தது இந்தம்மா, நீங்க இல்ல. இப்பவே வேலைய விட்டுத் தூக்குங்க. 'ஊழியர் ஒருவர் அதிகாரமில்லாமல் நடந்துகொண்டார்'னு ரெண்டு வரி அறிக்கை. போய் ஓட்டப் போடுங்க. ஜனவரியில நாற்காலில ஒக்காருங்க. முடிஞ்சுது."

"இவ என்ன சொல்றான்னு கேக்க வேண்டாமா?"

"எதுக்குண்ணே கேக்கணும்? பண்ணது தெரிஞ்சுபோச்சு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"கோழியத் தின்ன நாயக்கூட எங்கப்பா வாயத் தெறந்து எறகு இருக்கான்னு பாத்துட்டுதான்யா சுட்டாரு. இவ பக்கத்தைச் சொல்லட்டும். சொல்லும்மா."

 லோரீனுக்கு வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவளுக்கென்று வேறு சொத்து கிடையாது. 'லோரீன் சொன்னால் சொன்னதுதான்' என்ற பெயர் மட்டும்தான். அது போனால் அவள் அங்கே வெறும் நாற்காலி.

"தப்பு என்னுதுதான் சார். எந்த ஓட்டுன்னு கேக்காம நாள் முழுக்கன்னு தலையாட்டினேன். ஒங்களக் கேக்கலை. அதுக்கு என்னைத் தூக்கணும்னா தூக்குங்க. ஆனா எனக்கு அதிகாரம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. இத்தன வருஷமா ஒங்க பேர்ல எத்தனை வாக்குக் கொடுத்திருக்கேன், ஒண்ணாவது நீங்க இல்லைன்னிருக்கீங்களா? லோரீன் சொன்னா அது ஓஸ்ட்பி சொன்னதுன்னுதான் எல்லாரும் நம்பறாங்க. இன்னிக்கு மட்டும் அப்படி இல்லைன்னா அது பொய் சார்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"பாத்தீங்களாண்ணே," என்றார் கொறடா, "பேசவிட்டா இப்படித்தான், மனசக் கலைச்சுடுவாங்க."

"அதனால பேசவே விடக் கூடாதுங்கறியா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் லோரீன். இருந்தாளா?

"அந்தத் திருத்தத்துல கேக்கறதும் இதேதான் சார். ஒரு தடவ யார்கிட்டயாவது சொல்லவிடுங்கன்னு."

"வாய மூடு!" என்று கத்தினார் ஓஸ்ட்பி. "இங்க பேசறது ஒன் வேலையப் பத்தி. அவனுங்களப் பத்தி இல்ல. ஒன்ன நான் தீவுலயா வெச்சிருக்கேன்?"

காது மிஷினைச் சரிசெய்துகொண்டு, போகிறேன் என்றும் சொல்லாமல், அவைக்குக் கிளம்பிவிட்டார். கொறடா லோரீனைப் பார்த்து அழகாகச் சிரித்தார். 

அவையில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். உதவியாளர்கள் உட்காரும் பின்சுவர்ச் சோபாவில் லோரீன் ஒரு கோடியில், ஆஷர் மறு கோடியில். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஓஸ்ட்பியின் பெயர் வந்தபோது அவர் தன் இடத்தில் இல்லை. கதவோரத்தில் ஒரு மேசையின் இழுப்பறையில் உறுப்பினர்களுக்கென்று எப்போதும் மிட்டாய் கிடக்கும். அங்கே குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். நாட்டின் மானமே ஒரு ஓட்டில் தொங்குகிறது என்று அரை மணி நேரம் முன்புதான் நாலு பேர் தொண்டை கிழியப் பேசியிருந்தார்கள். கிழவர் வெண்ணெய் மிட்டாய்க்கும் புதினா மிட்டாய்க்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் நின்றார். கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

எல்லாப் பெயரும் முடிந்தபின் தன் இடத்துக்கு வந்து, மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எழுந்து நின்றார்.

"தலைவர் அவர்களே, இந்த ஓட்டில் நான் உறுப்பினர் ரியார்டனோடு ஜோடி போட்டிருக்கிறேன். அவர் இங்கே இருந்தால் 'ஆம்' என்பார். ஓட்டுப் போடும் உரிமை எனக்கு இருந்தால் 'இல்லை' என்பேன். ஆகவே நான் ஓட்டுப் போடவில்லை."

 அவர் உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"ரியார்டன் நெனைக்கறது சுத்தத் தப்பு. அதையும் குறிப்புல ஏத்துங்க."

லோரீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.  அவள் கொடுத்த வாக்கு நிலைத்துவிட்டது. கிழவரின் நாற்காலி கைவிட்டுப் போய்விட்டது. நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தெட்டு, திருத்தம் ஜெயிக்கிறது.

ஆனால் ஜெயித்ததாக யாரும் அறிவிக்கவில்லை. முடிவு பிடிக்காவிட்டால் ஓட்டெடுப்பை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போவது அங்கே பழகிப்போன வித்தை. தலைமை இருக்கையில் இருந்தவர் ஓட்டெடுப்பு முடிந்ததென்று தட்ட வேண்டிய, கைப்பிடி இல்லாத சின்னச் சுத்தியலை உள்ளங்கையில் உருட்டியபடி, இன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பது போல விட்டத்துச் சித்திர வேலையை ரசித்தார். கொறடா உறுப்பினர்களின் ஓய்வறைக்குள் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"ஹார்லண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரியார்டனுக்கு ஜோடியப் பத்தி ஒண்ணுமே தெரியாதாம்! கேக்கவே இல்லையாம்! வாங்க, நீங்களே பேசுங்க."

லோரீன் திரும்பி ஆஷரைப் பார்த்தாள். ஆஷர் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பயல் திருத்தத்தை ஜெயிக்கவைக்கத் தன் எஜமானுக்குத் தெரியாமல் அவர் பெயரில் ஜோடி கேட்டிருக்கிறான். இவள் தன் எஜமானுக்குத் தெரியாமல் அவர் பெயரில் ஜோடி கொடுத்திருக்கிறாள். இரண்டு செனட்டர்கள் கட்டிய ஜோடியில் இரண்டு செனட்டர்களுமே கிடையாது. அட பாவி, என்று அவள் வாய்க்குள் சொன்னாள், அது அவனுக்கா தனக்கா என்று தெரியாமல்.

ஓய்வறையில் கிழவருக்குக் காது கேட்காதென்று போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார்கள். லோரீன் கதவோரம் நின்றாள்.

"டெஸ்மண்ட், பித்தப்பை போச்சா?"

"இல்ல ஹார்லன்." ரியார்டனின் குரல் கம்மியது. "காலைலன்னாங்க. இப்ப சாயங்காலம்னு தள்ளிட்டாங்க."

"அப்ப இன்னும் உள்ளதான் இருக்கு."

"ஆமா."

"டாக்சி புடிச்சா இங்க வர எவ்வளவு நேரம் ஆவும்?"

மறுமுனையில் ஆஸ்பத்திரி மிஷின் ஏதோ பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"லேசா மயக்க மருந்து கொடுத்திருக்காங்க ஹார்லன்... பாரு, நான் யாரையும் ஜோடி கேக்கச் சொல்லலை. அந்தப் பய தானா போயி..."

"சரி, கேக்கலை. நான் அவிழ்த்துடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இங்க இருந்தா நீ எந்தப் பக்கம் போடுவ? 'இல்லை'ன்னா சொல்லு. உள்ள போயி, 'ரியார்டனும் என் பக்கம்தான், அவரும் இல்லைங்கறாரு'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு என் ஓட்டப் போடறேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாத!"

"அப்ப 'ஆமா'வா?"

"அப்படியும்... ஹார்லன், எங்க ஊர் நெலவரம் ஒனக்குத் தெரியாதா? ஆமான்னா விளம்பரம் போட்டே என்னைக் கொன்னுடுவாங்க. இல்லைன்னா சொந்தக் கட்சிக்காரனே தோல உரிச்சுடுவான்."

ஓஸ்ட்பி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"டெஸ்மண்ட், உண்மையச் சொல்லு. பித்தப்பைல கல்லு இருக்கா?"

"...சின்னதா ஒண்ணு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

லோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஓர் ஓட்டுக்குப் பயந்து வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போன மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கொறடா பொறுமை இழந்தார். "அண்ணே, அவரே கேக்கலைன்னு சொல்லிட்டாரு. ஜோடி செல்லாது. உள்ள போங்க, போட்டுட்டு வாங்க."

"இருய்யா. டெஸ்மண்ட், கேளு. ஒன் ஆளு ஒன் பேர்ல 'ஆமா'ன்னான். என் ஆளு என் பேர்ல சரின்னா. நான் அதை ஊரறிய எந்திரிச்சு நின்னு சொல்லிப்புட்டேன். என் ஆளு சொன்னத நான் என்னுதுன்னுட்டேன். ஒன் ஆளு சொன்னது பொய்யின்னா நீ இப்ப சொல்லு, பத்திரிகைக்காரன் வெளியதான் நிக்கறான், கூப்புடறேன். சொன்ன அடுத்த நிமிஷம் நான் போய் ஓட்டப் போடறேன். சொல்றியா?"

பீப், பீப்.

"டெஸ்மண்ட்?"

"ஹார்லன், லைன் சரியில்ல... ஒண்ணும் கேக்கலை..."

"எனக்கே கேக்குதுய்யா, ஒனக்கென்ன!"

போன் துண்டிக்கப்பட்டது. ஓஸ்ட்பி போனைக் கீழே வைத்தார். பிறகு கொறடாவிடம், "அவன் எந்தப் பக்கமும் நிக்கலை. அவனுக்குப் பதிலா அவன் ஆளு நிக்கறான். அது போதும் எனக்கு," என்றார்.

"நாற்காலி போச்சுண்ணே," என்றார் கொறடா. முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இந்தத் திருத்தத்தையும் அடுத்த வாரமே ரெண்டு சபையும் சேர்ற கூட்டுக் குழுவுல பேத்து எடுத்துடுவோம். எதுக்கு இந்த வீம்பு?"

"பேத்து எடு. ஒன் கையால எடு. என் லோரீன் வாக்கப் பொய்யாக்கி எடுக்காத."

அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்து புதினா மிட்டாயின் தாளைப் பிரித்தார். அதற்குமேல் இழுக்க வழியில்லாமல் சுத்தியல் மேசையைத் தட்டியது. திருத்தம் நிறைவேறியது. எதிர்க்கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். தன்னை வெறுக்கிற கட்சி தனக்குக் கை தட்டுவதைக் கண்டு ஓஸ்ட்பிக்கு இன்னும் கோபம் வந்தது. காது மிஷினை அணைத்துவிட்டார்.

மறுநாள் காலைப் பத்திரிகையில் ரியார்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. கூடவே அறிக்கை: 'உடல் நலிந்த நிலையிலும் சுதந்திரத்தின் பக்கம் உறுதியாக நின்றதில் பெருமைப்படுகிறேன்.' ராத்திரியே சொந்தக் கட்சி முழுக்கப் போன் போட்டுப் பாராட்டித் தள்ளிவிட்டது. அப்புறம் அவரால் வேறென்ன சொல்ல முடியும்? ஆஷரை வேலையை விட்டுத் தூக்கவும் வழியில்லை. தூக்கினால் ஏன் தூக்கினார் என்று கேட்பார்கள். அதனால் அவனுக்குச் சம்பளத்தை உயர்த்தினார். பித்தப்பையைக் கடைசிவரை எடுக்கவில்லை என்றும் கேள்வி. விவசாயக் கமிட்டி நாற்காலி நிலக்கடலை விளைவிக்கிற இன்னொருவருக்குப் போனது.

லோரீன் அன்று அட்டைப்பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தாள். காப்பிக் கோப்பை, மழைக்கோட்டு, சோளக் கண்காட்சியில் கொடுத்த துணிப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓஸ்ட்பி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடலாம்னுதான் சார். என்னால ஒங்க நாற்காலி போச்சு. என்ன வெச்சிருக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"ஆமா, போச்சு. நேத்து ராத்திரி பூரா அதையே நெனைச்சுட்டுக் கெடந்தேன். ஒன்னத் தூக்கணும்னுதான் இருக்கேன். ஆனா விசாரிக்காமத் தூக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை விசாரண. என்ன குத்தம்னு எழுதிக் கொடுத்துடறேன். ஒன் பக்கம் பேச ஒரு வக்கீலக் கூட்டிட்டு வா."

லோரீன் மழைக்கோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மனுஷன் விளையாடுகிறாரா என்று பார்த்தாள். விளையாடவில்லை.

"நீதிபதி யாரு சார்?"

"நான்தான்."

"குத்தம் சாட்டறவரு?"

"அதுவும் நான்தான். என் ஆபீஸ், வேற யாரு வருவா?"

"சாட்சி?"

"நான்தான் இருந்தேனே அங்க."

"சரி சார். தீர்ப்பு தப்பா இருந்தா நான் எங்க போய்ச் சொல்றது?"

ஓஸ்ட்பி புதுச் சர்க்கரைக் கட்டியை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். அது விரல்களுக்கு நடுவில் அப்படியே நின்றது. நெற்றியைச் சுருக்கி அவளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். 

"செவ்வாய்க்கிழமை வேண்டாம்," என்றார் கடைசியில். "நீ போய்ச் சொல்றதுக்கு ஒரு எடம் பாத்துட்டு அப்புறம் வெச்சுக்கலாம். அதுவரைக்கும் நீ வேலையப் பாரு."

கட்டியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். லோரீன் பெட்டியிலிருந்து கோப்பையை வெளியே எடுத்து வைத்தாள்.